ஒருமுறை எழுதினால் இரண்டு காப்பி! சர்வர்களின் பாக்கி நோட்டு பற்றித் தெரியுமா?

நீங்கள் ஒரு கோப்பைச் சேமிக்கிறீர்கள். பொத்தானை ஒரே ஒருமுறைதான் அழுத்துகிறீர்கள். அது இரண்டு கணினிகளில், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், உங்கள் கணினிக்கு இந்த விஷயமே தெரியாது! அது ஒரு சர்வரோடு பேசியது, “ஆயிற்று” என்று பதில் வாங்கியது, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. மீதியைச் சர்வரும் பக்கத்து சர்வரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன. இதற்குப் பெயர்தான் சர்வர் பக்க நகலாக்கம்.

காப்பி எடுப்பதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்பீர்கள். காப்பி எடுப்பதில் ஒன்றுமே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு சர்வர்களில் ஒன்று ராத்திரி 2 மணிக்குப் படுத்துவிட்டு, காலை 6 மணிக்கு எழுந்தால்? நடுவில் நான்கு மணி நேரம் எழுதப்பட்ட கோப்புகள், அழிக்கப்பட்ட கோப்புகள், பெயர் மாறிய கோப்புகள் எல்லாவற்றையும் யார் யாருக்குச் சொல்வது? இரண்டு பேரிடமும் ஒரே பெயரில் இரண்டு விதமான கோப்பு இருந்தால் யார் சொல்வது உண்மை? மளிகைக் கடை அண்ணாச்சி பாக்கி நோட்டு வைத்திருப்பதுபோல, சர்வர்களும் ஒரு நோட்டு வைத்திருக்கின்றன. அந்த நோட்டின் அளவு எவ்வளவு தெரியுமா? 12 பைட்! இந்த வரியை எழுதிச் சேமித்தால்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த 12 பைட்டுக்கு வருமுன் சில சங்கதிகள்.

இந்த வித்தையைக் காசில்லாமல் எல்லாருக்கும் திறந்து கொடுத்த மென்பொருள்களில் ஒன்று க்ளஸ்டர்எஃப்எஸ். அதைத் தொடங்கிய ஆனந்த் பாபு பெரியசாமி நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவர் என்பது தெரியுமா? க்ளஸ்டர்எஃப்எஸ்ஸுக்கு முன்பே அவர் கை வைத்த வேலை சாதாரணமானதில்லை. 2004 ஜூன் மாதம் உலகின் அதிவேக 500 கணினிகளின் பட்டியல் வந்தபோது இரண்டாம் இடத்தில் நின்றது ‘தண்டர்’. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் 1,024 சர்வர்கள், 4,096 ப்ராசசர்கள், நொடிக்கு 19.94 லட்சம் கோடி கணக்குகள். அதைக் கட்டிய கலிஃபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் பெரியசாமி. 2005-இல் க்ளஸ்டர் நிறுவனம் பிறந்தது. 2011 அக்டோபரில் ரெட்ஹேட் நிறுவனம் அதைச் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

பெயரே ஒரு சிலேடை. ‘குனு’ என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பெயரையும், பல கணினிகளைச் சேர்த்துக் கட்டிய கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘க்ளஸ்டர்’ என்ற சொல்லையும் ஒட்டி, முதல் எழுத்தின் ஒலியை மட்டும் மாற்றினார்கள். தமிழில் எழுதிப் பாருங்கள்: பழைய சொல்லும் க்ளஸ்டர், புதிய சொல்லும் க்ளஸ்டர்! இரண்டு ஒலிக்கும் நம்மிடம் ஒரே ‘க’ என்பதால் சிலேடையை எழுத்து விழுங்கிவிட்டது. குழப்பம் வேண்டாம். இனி மென்பொருளை க்ளஸ்டர்எஃப்எஸ் என்றும், கணினிகளின் கூட்டத்தைக் கூட்டம் என்றுமே சொல்கிறேன்.

உள்ளே போனால் முதல் ஆச்சரியம்: சேமிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ‘பிரிக்’ என்று பெயர், அதாவது செங்கல். செங்கல் என்றால் ஏதோ புதுவகைப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். சர்வரில் இருக்கும் ஒரு சாதாரண ஃபோல்டர்தான் அது. அதற்குள் உங்கள் கோப்பு உங்கள் கோப்பாகவே கிடக்கிறது. துண்டுபோடுவதில்லை, உருமாற்றுவதில்லை. நாளைக்கு இந்த மென்பொருளே உலகத்திலிருந்து மறைந்துபோனாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு லினக்ஸ் கணினியில் மாட்டினால் கோப்புகள் அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால் இதன் ஆகப்பெரிய நல்ல குணம் இதுதான்.

இரண்டாவது ஆச்சரியம் இன்னும் பெரிது. எந்தக் கோப்பு எந்தச் செங்கலில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் பட்டியல் எங்கேயும் இல்லை! நம்ப முடிகிறதா? லட்சக்கணக்கான கோப்புகள், பத்து இருபது சர்வர்கள், ஒரு பதிவேடுகூடக் கிடையாது. கோப்பின் பெயரை ஒரு சூத்திரத்தில் போட்டு அரைத்தால் ஓர் எண் வரும். 0 முதல் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 வரையிலான அந்த எண்களை ஒவ்வொரு ஃபோல்டருக்கும் செங்கல்கள் முன்கூட்டியே பங்குபோட்டு வைத்திருக்கின்றன. எண் யார் பங்கில் விழுகிறதோ கோப்பு அவர் வீட்டில். வீட்டை யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. பெயரிலேயே விலாசம் இருக்கிறது.

மென்பொருளின் கட்டுமானமோ டிபன் கேரியர் மாதிரி. ஒவ்வொரு அடுக்குக்கும் ‘டிரான்ஸ்லேட்டர்’ என்று பெயர். ‘குனு ஹர்ட்’ என்ற இயங்குதளத்திலிருந்து எடுத்துக்கொண்ட எண்ணம் அது. டிஸ்க்கில் எழுத ஓர் அடுக்கு, பூட்டுப் போட ஓர் அடுக்கு, நெட்வொர்க்கில் அனுப்ப ஓர் அடுக்கு, நகலெடுக்க ஓர் அடுக்கு. எதை எதன் மேல் வைப்பது என்பது உங்கள் விருப்பம். ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளிப்போட்டு எழுதும் பள்ளிக்கூடத்து ரகசிய எழுத்துக்குக்கூட ஓர் அடுக்கு இருந்தது தெரியுமா? புதிதாக அடுக்கு எழுதப் பழகுபவர்களுக்கு மாதிரியாக வைத்தார்கள். கோப்புகளைக் காப்பாற்ற அதை நம்பியவர் யாரும் இருந்திருக்க மாட்டார் என்று நம்புவோம்.

இந்த அடுக்குச் சுதந்திரத்தில்தான் நம் கதை தொடங்குகிறது. நகலெடுக்கும் அடுக்கை எங்கே வைக்கலாம்? உங்கள் கணினியில் வைத்தால் நீங்களே இரண்டு சர்வர்களுக்கும் அனுப்ப வேண்டும். சர்வரில் வைத்தால் நீங்கள் ஒருமுறை அனுப்பினால் போதும். அடுக்கு அதே அடுக்கு, இடம்தான் வேறு. ஆனால் கணக்கைப் பாருங்கள்! நொடிக்கு ஒரு கிகாபிட் ஓடும் சாதாரண கேபிளில் 125 மெகாபைட் போகும். க்ளையண்ட்டே, அதாவது உங்கள் கணினியே, இரண்டு பக்கமும் அனுப்பினால் அது பாதியாகி 62.5. மூன்று காப்பி என்றால் சுமார் 42. நகலெடுப்பதைச் சர்வரிடம் ஒப்படைத்தால் க்ளையண்ட் முழு 125-ஐயும் தன் ஒரே காப்பிக்குப் பயன்படுத்தலாம். சர்வரின் கேபிள் ஒரே நேரத்தில் வாங்கவும் அனுப்பவும் வல்லது என்பதால், ஒரு பக்கம் வாங்கிக்கொண்டே மறுபக்கம் பக்கத்து சர்வருக்குத் தள்ளிவிடும். இரண்டு சர்வர்களுக்கும் நடுவே தனியாக ஒரு நெட்வொர்க் கார்டும் கேபிளும் போட்டுவிட்டால் இன்னும் சௌகரியம். வெளியேயிருந்து வருபவர்களுக்கு ஒரு வாசல், சர்வர்களின் பேச்சுக்குக் கொல்லைப்புறக் கதவு.

சரி, எப்படி அமைப்பது? 2010-க்கு முந்தைய பதிப்புகளில் இதையெல்லாம் கையால் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு சர்வரிலும் ஓர் அமைப்புக் கோப்பு. அடியிலிருந்து மேலே எழுதிக்கொண்டு போக வேண்டும். முதலில், இந்த ஃபோல்டரைப் பயன்படுத்து என்று டிஸ்க் அடுக்கு. அதன் மேல் பூட்டு அடுக்கு. இதை மறந்தால் இரண்டு பேர் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுதிக் குளறுபடி செய்வார்கள். அதன் மேல், பல வேலைகளை ஒரே சமயத்தில் செய்ய ஓர் இழை அடுக்கு. இதுவரை வந்தது உள்ளூர்ச் செங்கல். அடுத்த அடுக்கில்தான் வியப்பு: “பக்கத்து சர்வரின் செங்கலோடு நெட்வொர்க் வழியாகச் சேர்” என்று ஒரு க்ளையண்ட் அடுக்கு. கவனித்தீர்களா? சர்வருக்குள்ளேயே ஒரு க்ளையண்ட்! முதல் சர்வர் இரண்டாவதற்கு வாடிக்கையாளர்; இரண்டாவது சர்வர் முதலாவதற்கு வாடிக்கையாளர். எதிரெதிர்க் கடைக்காரர்கள் ஒருவர் கடையில் ஒருவர் சில்லறை மாற்றிக்கொள்வதைப் போல. அதற்கும் மேல் நகல் அடுக்கு, உள்ளூர்ச் செங்கலையும் வெளியூர்ச் செங்கலையும் சேர்த்து ஒன்றாகக் காட்ட. எல்லாவற்றுக்கும் மேலே சர்வர் அடுக்கு, வெளியே கடை விரிக்க.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஜனங்கள் விழுந்து எழுந்திருக்கிறார்கள்.

முதல் பள்ளம்: சர்வர் இரண்டு பொருள்களை வெளியே காட்ட வேண்டும். ஒன்று நகல் அடுக்கு, உங்களைப் போன்ற க்ளையண்ட்டுகளுக்கு. இன்னொன்று வெறும் செங்கல், பக்கத்து சர்வருக்கு மட்டும். பக்கத்து சர்வர் தவறிப்போய் வெறும் செங்கலுக்குப் பதிலாக நகல் அடுக்கைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் தெரியுமா? நீங்கள் எழுதியதை ‘அ’ சர்வர் ‘ஆ’ சர்வருக்கு அனுப்பும். ‘ஆ’ அதை நகலெடுக்க ‘அ’வுக்கு அனுப்பும். ‘அ’ மறுபடியும் ‘ஆ’வுக்கு. முடிவே இல்லாத சுற்று! நகலைச் செங்கலிடம்தான் கொடுக்க வேண்டும். நகலெடுப்பவனிடம் கொடுத்தால் அவனும் நகலெடுப்பான்.

இரண்டாவது பள்ளம் இன்னும் நயவஞ்சகமானது, ஏனென்றால் விழுந்ததே தெரியாது. நகல் அடுக்கில் இரண்டு செங்கல்களின் பெயரையும் வரிசையாக எழுத வேண்டும். யாருக்கும் கை என்ன செய்யும்? தன் வீட்டுச் செங்கலை முதலில் எழுதும், பக்கத்து வீட்டுடையதை அடுத்து எழுதும். இரண்டு சர்வர்களிலும் அப்படியே எழுதினால் வரிசை ஒன்றில் ‘அ, ஆ’, மற்றதில் ‘ஆ, அ’. பார்க்க அழகாக இருக்கும், வேலையும் செய்யும். ஆனால் எழுதுமுன் பூட்டு வாங்கும் இடம், வரிசையில் முதலில் இருக்கும் செங்கல். வரிசை மாறினால் இரண்டு சர்வர்களும் ஆளுக்கொரு பூட்டை வாங்கிக்கொண்டு, “பூட்டு என்னிடம்தான் இருக்கிறது” என்ற நிம்மதியில் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுதும். ஆகவே வரிசை இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். படிக்கும்போது உள்ளூர்ச் செங்கலைப் படி என்று சொல்லத் தனி வழி உண்டு. அதற்காக வரிசையைக் கலைக்க வேண்டாம்.

க்ளையண்ட் பக்கம் எழுத வேண்டியது மிகச் சொற்பம். ஒரு பெயர், அவ்வளவுதான். பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு இரண்டு சர்வர்களின் முகவரியையும் கொடுத்துவைத்துவிட்டால், ஒன்று செத்தாலும் க்ளையண்ட் மற்றதைத் தேடிப் போகும். ஆனால் செத்தது எப்போது தெரியும்? காத்திருந்து பார்த்துத்தான். பின்னாளைய பதிப்புகளில் அந்தக் காத்திருப்புக்கு வைத்திருக்கும் இயல்பான அளவு 42 நொடி. இந்த 42 நொடியும் எல்லாம் உறைந்து நிற்கும்! போதாததற்கு, செத்த சர்வர் வழியாகத் திறந்து வைத்திருந்த கோப்புகளைப் புதிதாகத் திறக்க வேண்டிவரும். இப்படி மறுபடி திறக்க வேண்டியிருப்பதுதான் சர்வர் பக்க நகலாக்கத்தின் பலவீனம். க்ளையண்ட்டே நகலெடுத்தால் ஒரு சர்வர் போனாலும் மற்ற கை ஏற்கெனவே அடுத்த சர்வரைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேகம் வேண்டுமா, கைவிடாத பிடி வேண்டுமா? க்ளஸ்டர்எஃப்எஸ்காரர்கள் 2010 அக்டோபரில் 3.1 பதிப்பை வெளியிட்டு, கையால் எழுதும் கோப்புகளுக்கு ஓய்வு கொடுத்து, எல்லாவற்றையும் ஒற்றைவரிக் கட்டளைகளாக்கியபோது, நகலாக்கத்தை இயல்பாக க்ளையண்ட் பக்கம் வைத்தார்கள். ஆனால் சர்வர் பக்க வித்தை சாகவில்லை. என்எஃப்எஸ், சாம்பா போன்ற பொதுவான கோப்புப் பகிர்வு முறைகள் வழியாக அதே சேமிப்பில் எழுதும் கணினிகளுக்கு நகலாக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அப்போது நகலெடுப்பது யார்? சர்வர்தான்!

இப்போது அந்த 12 பைட்டுக்கு வருவோம்.

ஒரு கோப்பில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். நேரே போய் எழுதிவிடுவதில்லை. முதலில் பூட்டு. அடுத்து, இரண்டு பக்கமும் கோப்பின் ஓரத்தில் ஒரு குறிப்பு: “எழுதப்போகிறேன், இரண்டு பேருக்கும் ஒரு பாக்கி.” மூன்றாவதாகத்தான் எழுத்து. நான்காவது, எழுதி முடித்தவர் பெயரில் இருந்த பாக்கியை அடிப்பது. ஐந்தாவது, பூட்டைத் திறப்பது. எல்லாம் நல்லபடியாக நடந்தால் நோட்டில் எல்லாம் பூஜ்யம். நடுவில் ‘ஆ’ சர்வர் செத்துவிட்டால்? ‘ஆ’ பெயரில் இருந்த பாக்கியை அடிக்க முடியாது. ‘அ’வின் நோட்டில் அது நின்றுவிடும்: “ஆ-வுக்கு ஒன்று தர வேண்டும்.” அடுத்த எழுத்துக்கு இரண்டு. அதற்கடுத்து மூன்று. செத்தவன் எழுந்து வரும்போது நோட்டைப் புரட்டினால் போதும். எந்தக் கோப்பில் அவன் பின்தங்கியிருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

அந்த நோட்டில் மூன்றே கட்டங்கள், கட்டத்துக்கு 4 பைட். ஒன்று கோப்பின் உள்ளடக்கத்துக்கு, ஒன்று அதன் உரிமையாளர், அனுமதி போன்ற விவரங்களுக்கு, ஒன்று ஃபோல்டருக்குள் பெயர் வந்தது போனதற்கு. கோப்போடு ஒட்டிய மறைவான ஓர் இடத்தில், ரூட் என்ற தலைமை நிர்வாகி மட்டுமே பார்க்கக்கூடிய இடத்தில் இது கிடக்கிறது. டிஸ்க்கில் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையைப் போட்டவர்களிடம், கோப்பின் விவரம் உட்காரும் ஐநோடின் அளவை 256-க்குப் பதில் 512 பைட் ஆக்கி வைக்கச் சொன்னார்கள். எதற்கு? இந்தக் குறிப்புகள் கோப்பின் விவரத்தோடு ஒரே இடத்தில் அடங்கட்டும், தேடி அலைய வேண்டாம் என்றுதான்.

நோட்டைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் நிரல்தான் எனக்கு இந்த மென்பொருளிலேயே மிகப் பிடித்தது. அதை எழுதியவர்கள் செங்கல்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள், நிரலுக்குள்ளேயே பெயர் வைத்து: அப்பாவி, மூடன், அறிவாளி! விளையாட்டில்லை, அந்த மூலநிரலில் இருந்த பெயர்களின் நேர்ப்பொருள் இதுதான். யார் மேலும் பாக்கி சொல்லாதவன் அப்பாவி. தன் மேலேயே பாக்கி சொல்பவன், அதாவது எழுதத் தொடங்கி நடுவில் விழுந்து, தான் முடித்தோமா என்பதே தெரியாதவன், மூடன். தன் கணக்கு சுத்தமாக இருக்க, மற்றவன் மேல் பாக்கி சொல்பவன் அறிவாளி. பஞ்சாயத்து எளிது: அறிவாளி இருந்தால் அவன் பேச்சே எடுபடும், மற்றவர்கள் அவனைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். எல்லாரும் மூடர்கள் என்றால் அவர்களுக்குள் பாக்கிக் கணக்கில் கனமானவனைப் பிடிக்கலாம். எல்லாரும் அப்பாவிகள் என்றால் பிரச்சினையே இல்லை.

ஆபத்து எங்கே தெரியுமா? இரண்டு அறிவாளிகள் இருக்கும்போது!

‘அ’ சொல்கிறது: நான் சரி, ‘ஆ’ பின்தங்கிவிட்டது. ‘ஆ’ சொல்கிறது: நான் சரி, ‘அ’தான் பின்தங்கிவிட்டது. இரண்டு பேரும் உண்மையே சொல்கிறார்கள். நடுவில் இருந்த கேபிள் அறுந்தபோது ஒருவர் கண்ணுக்கு ஒருவர் செத்தவர். இரண்டு பக்கமும் வெவ்வேறு ஆட்கள் வந்து ஒரே கோப்பில் வெவ்வேறு விதமாக எழுதிவிட்டுப் போனார்கள். கேபிள் ஒட்டியபோது இரண்டு நோட்டும் ஒன்றையொன்று குற்றம்சாட்டுகின்றன. இனி இயந்திரத்தால் தீர்ப்புச் சொல்ல முடியாது. கோப்பைத் திறந்தால் பிழைதான் வரும். மனிதர் யாராவது வந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த நிலைக்குப் ‘பிளவு மூளை’ என்று பெயர். பெயர் மருத்துவத்திலிருந்து வந்தது. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டினால் ஒவ்வொரு பாதியும் தனியே நடந்துகொள்வதை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்வர்களுக்கு அந்த நரம்புக் கற்றை நெட்வொர்க் கேபிள்.

இந்த நோய்க்கு லினக்ஸ் உலகத்தில் ஒரு முரட்டு வைத்தியம் உண்டு. அதன் பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள்: ‘ஸ்டோனித்’. விரித்தால், அடுத்தவன் தலையில் சுட்டுவிடு என்று பொருள் வரும் ஆங்கிலச் சுருக்கம். சந்தேகம் வந்ததும் பக்கத்து சர்வரின் மின்சாரத்தையே துண்டித்துவிடுவது! செத்தானா உயிரோடு இருக்கிறானா என்று யோசிக்க வேண்டியதில்லை, செத்தது உறுதி.

நாகரிகமான வைத்தியம் பெரும்பான்மை. மூன்று பேர் இருந்தால் இரண்டு பேர் ஒரு பக்கம் நிற்பார்கள். தனியாக விடப்பட்டவன் எழுத மறுக்க வேண்டும். ஆனால் மூன்றாவது சர்வருக்கும் அதே அளவு டிஸ்க் வாங்கக் காசு? 2015-இல் வந்த 3.7 பதிப்பில் ஓர் அழகான தந்திரம் செய்தார்கள். மூன்றாவது ஆள் சாட்சி மட்டும் சொல்வான். அவனிடம் எல்லாக் கோப்புகளின் பெயரும் இருக்கும், பாக்கி நோட்டும் இருக்கும், உள்ளடக்கம் மட்டும் இருக்காது. எத்தனை ஜிபி கோப்பானாலும் அவன் வீட்டில் அதன் நீளம் பூஜ்யம்! கோப்பு ஒன்றுக்குச் சுமார் 4 கிலோபைட் இடம் ஒதுக்கினால் அவனுக்குப் போதும். பத்து லட்சம் கோப்புக்கு 4 ஜிபி. பழைய பென்டிரைவில் அடங்கும் சாட்சி! இன்றைக்கும் இரண்டே காப்பியோடு ஒரு சேமிப்பை உருவாக்க முயன்றால் அந்த மென்பொருளே முகத்துக்கு நேரே எச்சரிக்கும்: இரண்டு காப்பி பிளவு மூளைக்கு ஆளாகக்கூடியது, மூன்று போடுங்கள் அல்லது சாட்சி வையுங்கள் என்று. நிறையப் பேர் ‘சரி’ என்று அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பாக்கியைத் தீர்ப்பது யார்? இதைக் கேட்டால் வாயைப் பிளப்பீர்கள். தொடக்க காலத்தில், தீர்க்கவென்று தனியாக யாரும் கிடையாது! கோப்பை யாராவது தொட்டால்தான் நோட்டைப் பார்க்கும், பார்த்தால்தான் பாக்கி தீரும். தொடாத கோப்பு பாக்கியோடு அப்படியே கிடக்கும். அதனால் சர்வர் செத்துப் பிழைத்த ஒவ்வொரு முறையும் அமைப்பாளர்கள் ஒரு கட்டளை ஓட்டினார்கள்: இருக்கும் எல்லாக் கோப்புகளையும் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றிலும் முதல் ஒரு பைட்டை மட்டும் படித்து, படித்ததைக் குப்பையில் போடு. ஒரே ஒரு பைட்! கோயிலில் நூற்றெட்டு விளக்கையும் ஒவ்வொன்றாகத் திரி தூண்டிக்கொண்டு போவதைப்போல லட்சம் கோப்புகளைத் தொட்டுக்கொண்டு போவார்கள். 2012-இல் 3.3 பதிப்பு வந்தபோதுதான் இதற்கென்றே ஒரு பின்னணி வேலைக்காரன் வந்தான். பாக்கி உள்ள கோப்புகளின் பெயர் மட்டும் தனி அட்டவணையாக ஒவ்வொரு செங்கலிலும் இருக்கும். அவன் 600 நொடிக்கு ஒருமுறை அதைப் புரட்டுவான்.

என் சொந்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இரண்டு பழைய கணினிகளை வைத்து இதை அமைத்துவிட்டு, நெட்வொர்க் வழியாகப் போட்டால் நேரமாகும் என்று, புகைப்படங்களை நேராக முதல் சர்வரின் செங்கல் ஃபோல்டரிலேயே கொட்டினேன். சாதாரண ஃபோல்டர்தானே! பக்கத்து சர்வரில் ஒரு படம்கூட இல்லை. பாக்கி நோட்டைப் பார்த்தால் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நோட்டு எழுதும் அடுக்கைத் தாண்டிக் குதித்துக் கொல்லைப்புறமாக உள்ளே போனவனுக்கு யார் கணக்கு எழுதுவார்கள்? செங்கலைப் படிக்கலாம், எழுதக் கூடாது. எழுதுவதென்றால் வாசல் வழியாகத்தான்.

தூரம் என்றொரு சங்கதியும் இருக்கிறது. மேலே சொன்ன ஐந்து படிகளில் ஒவ்வொன்றும் பக்கத்து சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஒரே அறையில் இருந்தால் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. சர்வர்கள் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால்? கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர 10 மில்லிநொடி. ஐந்து படிக்கு 50. அப்படியானால் ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு 20 முறைதான் எழுத முடியும்! எவ்வளவு விலை கொடுத்து சர்வர் வாங்கினாலும் ஒளியை விரட்ட முடியாது. ஆகவே பாக்கியை அடிப்பதை ஒரு நொடிவரை தள்ளிப்போட்டு, அதற்குள் வரும் அடுத்த எழுத்துகளையும் அதே பூட்டின்கீழ் முடித்துக்கொள்ளும் உத்தியைப் பின்னர் சேர்த்தார்கள். அதோடு, ஊர்விட்டு ஊர் அனுப்புவதற்கு உடனுக்குடன் காத்திராத வேறொரு முறையையே தனியாக வைத்தார்கள்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? கூகுள் 2003-இல் விளக்கி எழுதிய தன் கோப்பு முறையில் 64 மெகாபைட் துண்டுகள், இயல்பாக மூன்று காப்பி. எழுதுபவர் பக்கத்தில் இருக்கும் சர்வருக்குத் தருவார். அது வாங்கிக்கொண்டே அடுத்ததற்கு, அடுத்தது அதற்கடுத்ததற்கு. கட்டடம் கட்டும் இடத்தில் சாந்துச் சட்டியைக் கைமாற்றிக்கொண்டே போவார்களே, அதேதான். சேஜ் வைல் 2006-இல் எழுதி வெளியிட்ட செஃப் முறையிலும் க்ளையண்ட் ஒரே ஒரு தலைமை ஆளிடம் கொடுக்கும், தலைமை ஆள் மற்றவர்களுக்குப் பரப்புவான், எல்லாரும் சரி சொன்ன பிறகுதான் க்ளையண்ட்டுக்குச் சரி சொல்வான். இன்று உலகத்தில் பெரிய அளவில் ஓடும் சேமிப்புகளில் சர்வர் பக்க நகலாக்கமே ஜெயித்திருக்கிறது என்பது என் கட்சி. ரெட்ஹேட் நிறுவனம் க்ளஸ்டர்எஃப்எஸ்ஸை வைத்து விற்றுவந்த தன் வணிகப் பதிப்பின் ஆதரவை 2024 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொண்டது. செஃப் தொடர்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் ஏமாற வேண்டாம். நகல் இருக்கிறதே என்று தைரியமாக ஒரு ஃபோல்டரை அழித்துப் பாருங்கள். இரண்டு சர்வர்களிலும், மூன்றாவது சாட்சியிடமும், அதே நொடியில், ஒரு பாக்கிகூட இல்லாமல், மிக ஒழுங்காக அழிந்திருக்கும்! நகலாக்கம் டிஸ்க் சாவதிலிருந்து காப்பாற்றும். உங்கள் விரலிலிருந்து காப்பாற்றாது. பேக்கப் என்பதைத் தனியாக எடுத்து வேறிடத்தில் வைத்தே ஆக வேண்டும்.

அமைத்து முடித்தவர்கள் முக்கியமான கோப்பு எதையும் போடுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டாவது சர்வரின் கேபிளைப் பிடுங்குங்கள். 42 நொடி பொறுங்கள். பத்து கோப்பு எழுதுங்கள், இரண்டை அழியுங்கள், ஒன்றின் பெயரை மாற்றுங்கள். கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடத்தில் பின்னணி வேலைக்காரன் ஒரு சுற்று முடித்திருப்பான்; அவன் வருமுன் வந்த பழைய பதிப்பென்றால் எல்லாக் கோப்புகளையும் நீங்களே ஒருமுறை தொட்டுவிடுங்கள். பிறகு இரண்டு செங்கல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பாக்கிப் பட்டியலைக் கேளுங்கள். பூஜ்யம் வந்தால் சரி. வராவிட்டால், அதுவும் கையால் எழுதிய பழைய பதிப்பாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு செங்கல்களின் வரிசையை.